பொதி பராமரிப்பவர்களுக்கு: பயனரை முதலில் உண்டாக்குங்கள்

லினக்ஸ் பொதிகளை (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்புகளை) பராமரிக்கும் தோழர்களுக்கு,

வணக்கம். பழைய சர்வரில் சிக்கலின்றி ஏறும் பொதி, புதிதாக நிறுவிய கணினியில் "இன்வேலிட் யூசர்" (அதன் சேவை ஓட வேண்டிய பயனர் கணக்கு இல்லை) என்று சொல்லி நடுவழியில் நின்றுவிடுகிறது. புகார் வந்தால் "இன்னொரு முறை நிறுவிப் பாருங்கள்" என்கிறீர்கள். இரண்டாம் முறை ஓடிவிடும்தான். அதற்குள் வேறொரு பொதி அந்தப் பயனரை உண்டாக்கியிருக்கும். பிழை அப்படியே கிடக்கும்.

டெபியனில் பொதிகளைக் கொண்டுவந்து நிறுவும் ஆப்ட் கருவி, பல பொதிகளைச் சேர்த்துப் பிரித்து வைத்துவிட்டுப் பிறகே கான்ஃபிகர் (இயங்கத் தயார்) செய்யக்கூடும். சார்ந்த பொதிகளைச் சொல்லும் டிபென்ட்ஸ் வரி, அவை முன்பே தயாராக இருக்கும் என்று தரும் உறுதி, பிரித்த பிறகு ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்டுக்கு மட்டும்தான். பிரிப்பதற்கு முன் ஓடும் பிரீஇன்ஸ்டிலேயே பயனர் தேவையென்றால் பிரீ-டிபென்ட்ஸ் வேண்டும். ரெக்கமண்ட்ஸை (கட்டாயமில்லாத பரிந்துரைப் பொதிகளை) நம்பி வரிசையைக் கணக்குப் போடாதீர்கள். இரண்டு பொதிகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால், ஆப்டின் அடியில் இருக்கும் டிபிகேஜி நிறுவல் கருவி அந்த வளையத்தை எங்காவது அறுத்தாக வேண்டும். அறுபடுவது உங்கள் பக்கமாகவும் இருக்கலாம். ஒரே பயனரைப் பகிர்பவை என்றால், அவரை உண்டாக்க மட்டும் ஒரு சிறு பொதி செய்து, இரண்டையும் அதைச் சாரவிடுங்கள்.

போஸ்ட்இன்ஸ்டில், பயனரை உண்டாக்கும் யூசர்ஆட் கட்டளையை அப்படியே எழுதுவது அடுத்த வினை. பயனர் ஏற்கெனவே இருந்தால் அது 9 என்ற பிழை எண்ணோடு வெளியேறும். அப்டேட்டின்போது அதே ஸ்கிரிப்ட் மறுபடி ஓடுமே! கட்டளையின் முடிவில் சேர்த்துப் பிழையை விழுங்கும் "ஆர் ட்ரூ" ஒட்டு, உண்மையான கோளாறுகளையும் சேர்த்து மறைத்துவிடும். அதற்குப் பதில் டெபியனின் ஆட்யூசர் கட்டளையை சிஸ்டம், குரூப் ஆகிய இரு விருப்பங்களோடும் அழையுங்கள். சிஸ்டம் பயனர் ஏற்கெனவே இருந்தால் அது பிழையில்லாமல் திரும்பிவிடும். குரூப்பை விட்டால் பயனர் நோகுரூப் என்ற பொதுக் குழுவில் போய் விழுவார். ஆட்யூசர் எசென்ஷியல் (எல்லாக் கணினியிலும் கட்டாயம் இருக்கும்) பொதி அல்ல, டிபென்ட்ஸில் எழுதியே ஆக வேண்டும்.

ஃபெடோரா போன்றவை பயன்படுத்தும் ஆர்பிஎம் பொதி முறையில் விளைவு இன்னும் நயவஞ்சகமானது. கோப்பின் உரிமையாளர் இல்லையென்றால் ஓர் எச்சரிக்கையோடு ரூட் பெயரில் எழுதிவிட்டு நிறுவல் வெற்றி என்று முடியும். பிறகு சேவையால் தன் அடைவிலேயே எழுத முடியாது. கோப்புகள் எழுதப்படும் முன் ஓடும் பிரீ ஸ்கிரிப்டிலேயே பயனரை உண்டாக்குங்கள். ஆர்பிஎம் 4.19 பதிப்பு முதல், தேவையான பயனர்களைப் பட்டியலிடும் சிஸ்யூசர்ஸ் கோப்பு வைத்தாலே போதும்.

சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி, சேவையைத் தொடங்க முடியாமல் "217/யூசர்" என்று காட்டினால் சேவையின் உள்ளமைப்பைக் குடையாதீர்கள். பயனர் இருக்கிறாரா என்று கெட்என்ட் கட்டளையில் பாருங்கள். எது முன்னே கான்ஃபிகர் ஆனது என்பது டிபிகேஜியின் லாக் கோப்பில் நேரத்தோடு இருக்கும்.

பொதியை நீக்கும்போது பயனரை அழிக்க வேண்டாம். டெபியன் 100 முதல் 999 வரையிலான எண்களில் காலியானதை வேறொருவருக்குக் கொடுத்துவிடும்; மிச்சமிருக்கும் கோப்புகளும் அவருடையதாகிவிடும்.

அடுத்த வெளியீட்டுக்கு முன், வெறும் கன்டெய்னரில் (வேறெதுவும் நிறுவாத தனித்த சூழலில்) ரெக்கமண்ட்ஸ் இல்லாமல் உங்கள் பொதியைத் தனியே நிறுவிப் பாருங்கள். பிறகு அதே கன்டெய்னரில் மறுநிறுவலும்.

இப்படிக்கு,
உங்கள் பொதிகளை நிறுவும் சிஸ்டம் நிர்வாகிகள்