பொதுவீட்டு மராமத்து: பங்காளிகளுக்குக் குழுவின் நிறைவு அறிக்கை

பங்காளிகள் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி பொதுவீட்டு மராமத்து முடிந்தது. நாட்டு ஓடு மாற்றியாயிற்று, வயரிங் புதிது, கிணறு தூர் வாரியாயிற்று. இவற்றில் யாருக்கும் குறையில்லை. எல்லோரும் கேட்பது வளவுச் சுவரை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய கட்டின் சுவரைப் பற்றித்தான்: ஒரே சுவருக்கு எதற்கு இரண்டு தடவை கூலி?

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். குறைந்த தொகை கேட்டவருக்கே வேலையைக் கொடுக்கச் சொன்னது பொதுக்கூட்டம். சுண்ணாம்புப் பூச்சு என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தோம். குழு பட்டாலைக் கூடத்து மரவேலையில் நின்ற வாரம், அவர் வளவின் வடக்குச் சுவரைக் கொத்தி சிமெண்ட் பூசிவிட்டார். கேட்டால், "சிமெண்ட்தானே கெட்டி?" என்றார். செங்கலும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர் அடியிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது காய்ந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்தால் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்க்கலாம் என்றவர்களும் நம்மில் உண்டு. நாங்கள் பொறுக்கவில்லை. பெயர்த்தெடுக்கச் சொன்னோம், மறுத்தார், கணக்கை முடித்து அனுப்பிவிட்டோம். முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பவில்லை. வரவுசெலவில் அது தனி வரியாகவே இருக்கிறது.

அப்புறம் வந்த கொத்தனார்கள் பழைய முறை தெரிந்தவர்கள். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து, ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்ததைப் பூசினார்கள். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, பிறகு கல்லால் தேய்த்து மெருகு. முட்டைக் கணக்கைப் பார்த்துச் சிரித்தவர்கள் வந்து சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும். தாமதமும் மதிப்பீட்டுக்கு மேல் போன தொகையும் பெரும்பாலும் இதனால்தான்.

முகப்பில் உடைந்த ஆத்தங்குடித் தரைக் கற்களுக்குப் பதிலாக அதே பூ வடிவத்தைக் கண்ணாடி மேல் வார்த்து வாங்கினோம். கடை டைல்ஸ் மலிவு என்பது எங்களுக்கும் தெரியும்.

புள்ளி வரிக்கு, அதாவது தலைக்கட்டு வரிக்கு, மேல் கொடுத்தவர்கள்: மேலவீட்டார், நடுவீட்டார், கீழவீட்டார், கோலாலம்பூர் சகோதரர்கள் (ஓடு), சிங்கப்பூர்ப் புள்ளி (நிலை, கதவு), தேவகோட்டையில் கட்டிக்கொடுத்த பெண்மக்கள் மூவர் (முற்றத்து மழைநீர்க் குழாய்), சென்னைப் புள்ளிகள் (வயரிங்), பெயர் போட வேண்டாம் என்ற ஆச்சி ஒருவர் (முட்டைச் செலவு முழுவதும்). பெயர்ப் பலகையில் வரிசை தவறு என்று இருவர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். வரிசை, பணம் வந்து சேர்ந்த தேதிப்படி. அதை மாற்றுவதாக இல்லை.

வரி பாக்கி உள்ள புள்ளிகள், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு முன் கட்டிவிட வேண்டும். படைப்புக்கு வருகிறவர்கள் வளவுச் சுவரில் ஆணி அடிக்க வேண்டாம். காலண்டருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

இப்படிக்கு,
மராமத்துக் குழு