கண்ணில் மின்னல் தெரிந்தால் காத்திருக்கலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்புரையைப் பற்றித் தமிழ்நாட்டில் இன்று அறியாதவர் இல்லை. 1976-ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் நடந்த இலவச முகாம்களும், புரையை எடுத்து லென்ஸ் வைத்துக்கொண்டால் பார்வை திரும்பிவிடும் என்ற நம்பிக்கையைக் கடைக்கோடிக் கிராமம் வரை கொண்டு சேர்த்துவிட்டன. ஆனால் அந்த நற்பணியின் நிழலில் இன்னோர் எண்ணமும் நம்மிடம் வேரூன்றிவிட்டது. கண்ணில் எந்தக் கோளாறு வந்தாலும் அவசரமில்லை. அறுவடை முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், அடுத்த முகாமில் காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறோம். புரைக்குப் பெரும்பாலும் அது பொருந்தும். கண்ணின் உட்புறப் பின்சுவரில், ஒளியை வாங்கிப் பார்வையைத் தரும் மெல்லிய படலமான விழித்திரைக்குப் பொருந்தாது. அண்மையில் என் மனைவியின் வலக்கண்ணில் ஏற்பட்ட விழித்திரைக் கிழிசலும், அதற்குக் கிடைத்த சிகிச்சையும் எனக்கு உணர்த்தியதைத் தங்கள் நாளிதழ் வழியாகப் பிறருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

என் மனைவி ஐம்பதைக் கடந்த பள்ளி ஆசிரியை. சிறுவயதிலிருந்தே கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிபவர். ஓர் இரவு மின்சாரம் நின்றிருந்தபோது, தலையைத் திருப்பும்போதெல்லாம் வலக்கண்ணின் வெளியோரத்தில் பிறை வடிவில் வெளிச்சம் வெட்டி மறைவதாகச் சொன்னார். மறுநாள் காலை விடைத்தாள் திருத்த உட்கார்ந்தவருக்கு, வெள்ளைத் தாளின் மேல் கரித்தூளைத் தூவியதுபோலப் புள்ளிகள் மிதந்தன; கண்ணைத் திருப்பினால் அவையும் கூடவே வந்தன. வலியில்லை, சிவப்பில்லை, நீர் வடியவில்லை. எழுத்துகள் வழக்கம்போலவே தெரிந்தன. கண் வலித்திருந்தால் அன்றே ஓடியிருப்போம். பித்தம் என்று ஒருவரும், பிரஷர் குறைந்திருக்கும் என்று மற்றொருவருமாக வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

அருகிலிருந்த கண்ணாடிக்கடையில், கம்ப்யூட்டரில் பவர் பார்த்துவிட்டு, எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “பவர்ல மாத்தமே இல்ல டீச்சர், வயசானா இப்படிப் பூச்சி பறக்கத்தான் செய்யும், வர்ற வாரம் டாக்டர் வருவார், அப்ப காட்டிக்கலாம்” என்றார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆயினும் விழித்திரைக் கிழிசல் பெரும்பாலும் ஓரப் பகுதியில் விழுவது. எழுத்தைப் படிக்க உதவுவதோ அதன் நடுப்பகுதி. ஆகவே பலகையைக் கடைசி வரி வரை தடையின்றிப் படிப்பவரின் கண்ணுக்குள்ளும் கிழிசல் இருக்கக்கூடும் என்பதைக் கண்ணாடி விற்கும் ஒவ்வோர் இடத்திலும் அறிந்திருக்க வேண்டும். எங்கள் நல்லூழ், சென்னையில் கண் பரிசோதனைப் படிப்புப் படிக்கும் என் மனைவியின் பழைய மாணவி அன்று மாலை வேறு செய்தியாகத் தொலைபேசியில் அழைத்தாள். விவரத்தைக் கேட்டதும், “டீச்சர், தள்ளிப்போடாதீங்க, மருந்து விட்டுக் கண்ணுக்குள்ள பாக்கச் சொல்லுங்க, இன்னிக்கே போங்க” என்று வற்புறுத்தினாள். இரவோடு இரவாகத் தஞ்சாவூருக்குப் புறப்பட்டோம்.

நடந்தது என்ன என்பதை அங்கிருந்த விழித்திரை நிபுணர் பொறுமையாக விளக்கினார். விழியின் உட்கூட்டை இளநுங்கு போன்ற தெளிந்த கூழ் ஒன்று நிரப்பியிருக்கிறது. வயது ஏற ஏற அது நீர்த்துச் சுருங்கி, பின்புறம் ஒட்டியிருக்கும் விழித்திரையை விட்டு விலகுகிறது. இது ஏறக்குறைய எல்லோருக்கும் நிகழ்வதுதான்; கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் சற்று முன்னதாகவே நிகழலாம். விலகும்போது கூழ் விழித்திரையை இழுப்பதே மின்னலாகத் தெரிகிறது. பெரும்பாலோருக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் திடீரென மின்னலும் புள்ளிகளும் கண்டு வருபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, கூழ் எங்கோ ஓரிடத்தில் இறுகப் பற்றியிருந்து, விலகும்போது விழித்திரையையும் கிழித்துவிடுகிறது. கிழிசல் வழியாக நீர் பின்னால் புகுந்தால் விழித்திரையே பெயரத் தொடங்கும். அப்போது பார்வையின் ஒரு பக்கத்தில் திரை இறங்கினாற்போல் இருட்டு படரும். அந்த விலகல் நடுப்பகுதியை எட்டிவிட்டால், அதன்பின் எவ்வளவு திறமையாக அறுவை செய்தாலும் பழைய பார்வை முழுமையாகத் திரும்பும் என்று சொல்வதற்கில்லை.

பரிசோதனை எளிதாக இல்லை. சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பா நன்றாக விரியும் வரை காத்திருந்து, மல்லாக்கப் படுக்கவைத்து, மருத்துவர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, சிறு உலோகக் கருவியால் இமைமேல் மெல்ல அழுத்தி, “மேலே பாருங்க, வலப்பக்கம் பாருங்க” என்று விழித்திரையின் விளிம்பு முழுவதையும் சுற்றிப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் கடிகார முகம்போல் வட்டம் போட்டு, சிவப்பு, நீலப் பென்சில்களால் விழித்திரையை வரைந்து, பத்து மணிக்கு நேரே குதிரை லாட வடிவத்தில் ஒரு கிழிசலைக் குறித்துக் காட்டினார். விழித்திரை இன்னும் பெயரவில்லை, இப்போதே லேசர் வைத்துவிடலாம் என்றார்.

லேசர் என்றதும் பயந்துபோனோம். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, உட்கார்ந்தபடியே, கண்மேல் ஒரு லென்ஸை வைத்துச் செய்தார்கள். பச்சை வெளிச்சம் அடுத்தடுத்துத் தெறித்தது. சில இடங்களில் சுருக்கென்று குத்தியது என்றார் என் மனைவி. லேசர் கிழிசலை மூடுவதில்லை. அதைச் சுற்றி வரிசை வரிசையாகச் சிறு சூட்டுத் தழும்புகளை உண்டாக்குகிறது; அவை ஆறி இறுகும்போது விழித்திரை அடியிலுள்ள படலத்தோடு ஒட்டிக்கொண்டு, நீர் புக வழியில்லாமல் செய்துவிடுகிறது. அந்தப் பிடிப்பு உறுதியாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால், கனம் தூக்க வேண்டாம், குலுங்கும் பயணம் வேண்டாம் என்றார்கள். மருத்துவமனையில் தங்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. அன்றே வீடு திரும்பினோம்.

கிழிசல் நிலையைக் கடந்து விழித்திரை விலகியே விட்டவர்களின் பாடு வேறு. கூழை அகற்றி, வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்பும் பெரிய அறுவை தேவைப்படலாம். பலர் நாள்கணக்கில் முகத்தைக் கவிழ்த்தபடியே இருக்கவேண்டும். வாயு கரையும் வரை விமானத்தில் ஏறக்கூடாது. கிழிசலே விலகலுக்குக் காரணம், அதை அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்பதை 1920-களில் சுவிட்சர்லாந்தின் ஜூல் கோனின் நிறுவும் வரை, இந்நோய்க்கு ஆளானவர்கள் அநேகமாகப் பார்வையைப் பறிகொடுக்க வேண்டியதாகவே இருந்தது. அந்த அறிவு கைக்கு வந்து நூறாண்டு ஆகிறது. 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும், விழித்திரை அறுவை வல்லுநரான டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978-இல் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் இருக்கிற மாநிலத்தில், தகவல் தெரியாத ஒரே காரணத்தால் ஒருவர் கண்ணை இழப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

என் மனைவி இப்போது பள்ளிக்குப் போய்வருகிறார். மின்னல் மெல்ல மெல்ல நின்றுவிட்டது. புள்ளிகள் இன்னும் உண்டு. லேசர் அவற்றை நீக்காது, மாதங்கள் போகப்போகத் தாழ்ந்து மறைப்புக் குறையும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். உண்மையில் அவரை வாட்டியது புள்ளிகளைவிட அச்சமே. புதிதாக ஒரு தூசி தெரிந்தாலும் திடுக்கிட்டு எழுந்து, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் சுவரைப் பார்த்துச் சோதித்துக்கொள்வார். முதல் சில வாரங்களில் வேறோர் இடத்தில் கிழிய வாய்ப்பிருப்பதாலும், மற்றக் கண்ணுக்கும் அதே நிலை வரக்கூடும் என்பதாலும், அந்த விழிப்பை நான் தடுக்கவில்லை. நல்லபடியாகத் தெரிகிறதே என்று மறுபரிசோதனையைப் பலர் விட்டுவிடுவதாக மருத்துவர் வருத்தப்பட்டார். குடும்பத்தார் தேதியைக் குறித்துவைத்து அழைத்துப் போவதே சரி.

அரசுக்கும் கண் மருத்துவத் துறையினருக்கும் என் வேண்டுகோள் இதுதான். திடீரென மின்னலோ, புதிதாகப் பல புள்ளிகளோ, ஓரத்தில் இருட்டோ தெரிவதாகச் சொல்லி வருபவரை, பவர் சரியாக இருந்தாலும், அன்றே விழித்திரைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்ற அறிவிப்பை ஒவ்வொரு கண்ணாடிக்கடையிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தமிழில் எழுதி மாட்டச் செய்யவேண்டும். மாவட்டத்தில் எந்த மருத்துவமனையில், எந்தெந்த நாளில் விழித்திரை மருத்துவர் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை வந்தால் யாரைப் பார்ப்பது என்பதும் அதிலேயே இருக்கட்டும். பரிசோதனைக்கு வருபவர் துணைக்கு ஒருவரை அழைத்துவர வேண்டும், சொட்டு மருந்தின் மங்கல் தெளியச் சில மணி நேரம் ஆகுமாதலால் தாமே வண்டி ஓட்டிவரக் கூடாது என்ற குறிப்பையும் சேர்த்தால் நலம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மன்னார்குடி.