பரணில் கிடந்த இளவரசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பரணைச் சுத்தம் செய்தபோது உன் பழைய புத்தக மூட்டை இறங்கியது. அதில் மெக் கபோட் எழுதிய 'தி பிரின்சஸ் டைரீஸ்'. பத்தாவது பரீட்சை நேரத்தில் நீ போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தாயே, நான் பிடுங்கி மேலே போட்டேனே, அதேதான். மதியம் தூக்கம் வராமல் புரட்டினேன். அகராதியும் கையுமாக ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன். சிரிக்காதே.

ராஜகுமாரி கதை என்றால் அரண்மனை, பல்லக்கு என்று நினைத்திருந்தேன். இந்த மியாவோ நியூயார்க்கில் படம் வரைகிற அம்மாவோடு இருக்கிறாள். 14 வயது, ஐந்தடி ஒன்பது அங்குல உயரம், அல்ஜீப்ராவில் ஃபெயில். போதாக்குறைக்கு அந்த அல்ஜீப்ரா வாத்தியாரே அவள் அம்மாவோடு பழக ஆரம்பித்துவிடுகிறார்! எழுதியவரின் வீட்டிலும் அப்படித்தானாம். அப்பா காலமான பிறகு அம்மா பழகியது இவருடைய பழைய வாத்தியார் ஒருவரோடு. கதை பிறந்ததே அதிலிருந்துதான் என்கிறார்கள்.

பாட்டி வருகிற இடமெல்லாம் எனக்குக் கொண்டாட்டம். கண்ணுக்கு மை தீட்டச் சோம்பல்பட்டோ என்னவோ, பச்சையே குத்திக்கொண்ட மகராசி. நிமிர்ந்து உட்கார், முடியைச் சரிபண்ணு என்று அவள் பேத்தியை விரட்டும்போது என் குரலே கேட்கிற மாதிரி இருந்தது. 2001இல் வந்த படத்தில் அந்தப் பாட்டியை ரொம்ப நல்லவளாக்கிவிட்டார்கள். ஊரையும் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றி, அப்பாவை முன்பே சாகடித்தும் விட்டார்கள்.

புத்தகத்தில் அப்பா உயிரோடு இருக்கிறார். ஜெனோவியா என்ற குட்டி நாட்டுக்கே இளவரசர். அதை மகளிடம் அத்தனை வருஷம் மூச்சுவிடவில்லை. புற்றுநோய் வந்து, இனி வேறு பிள்ளை பிறக்காது என்று ஆன பிறகுதான் பிளாசா ஓட்டலுக்குக் கூப்பிட்டுச் சொல்கிறார். அங்கிருந்து ஓடுகிறவள் சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிசாலையில் பெங்குயின்கள் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து டைரி எழுதுகிறாள். அதோடு புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு மேலே படிக்க முடியவில்லை.

உன் அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனபோது ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்று உன்னிடம் சொன்னோம். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்றுதான் உண்மையைச் சொன்னோம். நீயும் சரி என்று கேட்டுக்கொண்டாய். கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்துவிட்டோம் என்று நானும் அப்பாவும் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மியா சும்மா சும்மா பட்டியல் போடுகிறாள் இல்லையா, நீயும் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒன்று போட்டிருக்கிறாய். ஒன்று, கணக்கில் 80 வாங்க வேண்டும். இரண்டு, எண்ணெய் வைத்து இரட்டை ஜடை போட மாட்டேன். மூன்று, அப்பா ஏன் இவ்வளவு இளைத்துவிட்டார், அம்மாவிடம் கேட்க வேண்டும். முதல் இரண்டுக்கும் டிக் போட்டிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அதைக் கேள், சொல்கிறேன். அப்பா நன்றாக இருக்கிறார், இப்போதுகூடத் தோசைக்குச் சட்னி காரம் என்று சண்டை. நீ இருக்கிற நியூ ஜெர்சியிலிருந்து நியூயார்க் ரயிலில் போகிற தூரம்தானே, ஒரு நாள் அந்தப் பெங்குயின்களைப் பார்த்துவிட்டு வந்து சொல்.

அன்புடன்,
அம்மா