தளைநாருக்கும் துலாக்கயிற்றுக்கும் ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

மாசி முதல் ஞாயிறு, கொழும்புக்கு அப்பால் ஒரு இறப்பர் தோட்டத்துக்குள் நடந்த சேற்று ஓட்டத்தை நாங்கள் ஐந்து பேரும் ஓடி முடித்தோம். 10 கிலோமீற்றர், 22 தடைகள். எடுத்த நேரம் 2 மணி 51 நிமிடம். முன்னுக்கு வந்தவர்கள் குளித்துச் சாப்பிட்டு நிழலில் சரிந்திருந்த பிறகுதான் நாங்கள் கோட்டைத் தாண்டினோம். அது பரவாயில்லை.

யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்த நாள் தொடக்கம் "ஆர் உங்களுக்குக் கோச்?" என்று கேட்கிறார்கள். கோச் என்று ஒருவரும் இல்லை. உதவியவர்கள்தான் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நாங்கள் எதற்காகக் கயிறும் வலையும் தகரப்பேணியும் கேட்டு வந்தோம் என்று இன்றைக்கும் சரியாக விளங்கவில்லை. பெயர் போட வேண்டாம் என்று சிலர் சொன்னதால் எவர் பெயரையும் போடவில்லை. வாசித்தால் அவரவருக்குத் தெரியும்.

நாங்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆசிரியைகள், ஒரு தாதி, வங்கியில் வேலை செய்யும் ஒருத்தி, கம்பஸ் போகும் என் பெறாமகள். மூத்தவள் நான், 43 வயது. ஐப்பசிக் கடைசியில் தொடங்கியபோது மூன்று கிலோமீற்றர் ஓடவே நடுவில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினோம்.

முதல் நன்றி, பனையேறும் அண்ணைக்கு.

போட்டித் தடைகளில் கயிறு ஏறுவதுதான் எங்களுக்குப் பெரிய பயமாக இருந்தது. வீடியோ பார்த்துப் பார்த்து வளவு மாமரத்தில் கயிற்றைக் கட்டித் தொங்கினோம். இரண்டு முழத்துக்கு மேல் ஒருத்தியும் போகவில்லை. மாரியில் பனைத்தொழில் ஓய்ந்திருக்கும், அண்ணை பக்கத்து வளவுக்கு ஓலை வெட்ட வந்திருந்தார். மதிலுக்கு அப்பால் நின்று மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் பொறுக்க முடியாமல் உள்ளே வந்துவிட்டார். "பிள்ளையள், கை பிடிக்கிறதுக்கு. ஏறுறது கால்."

பனையேறுபவர்கள் இரண்டு காலையும் சேர்த்து மாட்டும் நார் வளையம்தான் தளைநார். தன் தளைநாரைக் காலில் மாட்டி, பாரம் முழுக்கப் பாதத்தில் எப்படி நிற்கிறது என்று பனையில் ஏறியே காட்டினார். கயிற்றுக்குத் தளைநார் மாட்ட முடியாது. ஆனால் கயிற்றையே தளைநார் ஆக்கலாம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. கயிற்றை வலக்காலின் வெளிப்பக்கமாக விட்டு, பாதத்துக்குக் கீழால் எடுத்து, இடக்காலால் மேலிருந்து மிதித்துப் பூட்ட வேண்டும். பூட்டியதும் கையை இழுக்காமல், கதிரையிலிருந்து எழும்புவது போல் காலை நிமிர்த்தினால் போதும். முழங்காலை மடக்கி மறுபடி பூட்டு, மறுபடி எழும்பு. இறங்கும்போது வழுக்கி வரக்கூடாது, கை மாறி மாறித்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் உள்ளங்கை உரிந்துவிடும். ஒரு கிழமையில் நான்கு பேர் உச்சிக்குப் போனோம். அண்ணை காசு வாங்கவில்லை. பெறாமகள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "இனி ஒருநாள் பனையிலயும் ஏறிப் பாருங்கோ" என்று சொல்லிப் போனார். அதற்கு இன்னும் துணிவு வரவில்லை அண்ணை.

அந்தக் கயிறு, கோப்பாயில் ஒரு தோட்டக்கார ஐயாவின் பழைய துலாக்கயிறு. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் துலா, மோட்டர் வந்தபின் போய்விட்டது, கயிறு மட்டும் கொட்டிலில் கிடந்தது. "சும்மா கிடக்கிறதுதானே" என்று தந்தார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார்: வீட்டில் மோட்டரை நிறுத்திவிட்டுக் கையால் தண்ணீர் அள்ளுங்கள் என்று. நாளுக்கு நாற்பது வாளி அள்ளினோம். கம்பியில் தொங்கும் தடைகளில் முதலில் கைவிடுவது விரற்பிடிதான், தோள் அல்ல. வாளிக்கணக்கு அதைத் திருத்தியது. இரண்டு வாளியையும் நிரப்பி வளவைச் சுற்றி நடந்ததில், போட்டியில் மண்மூட்டை தூக்கும் தடை எங்களுக்குத் தடையாகவே தெரியவில்லை.

அடுத்தது கைதடி வயல். தண்ணீர் நிற்பதால் விதைக்காமல் விட்ட பள்ளத்துண்டை எங்களுக்குத் தந்த ஐயாவும் அம்மாவும் இதை வாசித்துச் சிரிப்பார்கள் என்று தெரியும். கோப்பாய் இருக்கும் வலிகாமத்துச் செம்மண் ஒட்டும், கைதடி இருக்கும் தென்மராட்சி வயற்சேறு விழுங்கும். முதல் நாளே இரண்டு பேரின் சப்பாத்து உள்ளே போய்விட்டது, மண்வெட்டி கொண்டுதான் எடுத்தோம். காலை நேரே மேலே இழுக்காதே, குதியைக் கிளப்பி, பாதத்தைக் கொஞ்சம் திருப்பி, காற்றுப் புகவிட்டு எடு என்று அந்த அம்மா வரம்பில் நின்று சொன்னா. சின்ன எட்டு, முழங்கால் மடங்கியபடி. அவவுக்கு அது பயிற்சி இல்லை, நடை.

போட்டியில் முட்கம்பிக்குக் கீழே தவழும் தடை ஒன்று உண்டு. அதைப் பழக முட்கம்பி கட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக முழங்கால் உயரத்தில் கொடிக்கயிறு கட்டினோம். கிளி கலைக்கும் தகரப்பேணிகளை அந்த அம்மா அதில் தொங்கவிட்டா. முதுகு பட்டால் பேணி சத்தம் போடும், வரம்பில் இருப்பவர்களும் சத்தம் போடுவார்கள். கம்பி மிகவும் தாழ்வாக இருந்தால் தவழ்வதை விட்டு, கட்டையாக நீட்டிப் படுத்து உருளுவது சுலபம் என்று கண்டுபிடித்ததும் அங்கேதான். தலை சுற்றும், அது வேறு கதை.

என் அம்மாவைப் பற்றி இந்த இடத்தில் எழுதாமல் விட முடியாது. போட்டியில் முட்கம்பிக்குக் கீழே போக வேண்டும் என்று தெரிந்ததும் அவ கேட்ட கேள்வி: "காசு கட்டி முள்ளுக்கம்பிக்குக் கீழ தவழப் போறியே? உனக்கென்ன விசரே?" இந்த மாதிரி ஓட்டங்களுக்கு மூத்தது 1987இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷையரில் ஒரு பண்ணையில் தொடங்கியது என்று படித்ததை, பெருமையாக அவவுக்குச் சொல்லப்போனேன். அந்த வருடம் வைகாசிக் கடைசியில் யாழ்ப்பாணத்தின் வடமராட்சிப் பகுதியில் இராணுவ நடவடிக்கை. அம்மா என்னையும் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இருந்த வருடம். அவ ஒன்றும் சொல்லவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டா. நானும் அதற்குமேல் எடுக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் விடிய நாலரைக்கு எழும்பி எங்கள் ஐந்து பேருக்கும் குரக்கன் புட்டு அவித்து வைத்திருந்தா. பதினான்கு கிழமையும் வைத்தா. சனிக்கிழமைகளில் ஒடியல் கூழ். போட்டிக்குப் பனங்கட்டியை வாய்க்குள் அடங்கும் அளவாக உடைத்து, பொலித்தீனில் சுற்றித் தந்தா. ஏழாவது கிலோமீற்றரில் அதுதான் காலைத் தூக்கியது. நன்றி அம்மா என்று நேரே சொன்னால் "சும்மா இரு" என்பா, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தாதித் தோழி இல்லாவிட்டால் ஒரு முக்கியமான விடயத்தைக் கோட்டை விட்டிருப்போம். 2024 மார்கழியில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது எல்லோருக்கும் நினைவிருக்கும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீராலும் சேற்றாலும் தொற்றுவது அது, வயற்சேற்றில் உருளுகிறவர்களுக்கும் அதே ஆபத்துத்தான். அவள் எங்களை இழுத்துக்கொண்டு போய்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் வைத்தியரிடமும் விட்டாள். எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வயல் வேலைக்காரருக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மருந்தை, ஒவ்வொருவரின் உடல்நிலையையும் கேட்டுத்தான் வைத்தியர் எழுதித் தந்தார். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியதும் படுக்காதீர்கள் என்றார். ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் போட்டோம். புண் இருந்த கிழமை ஒருத்தியை அவர் சேற்றில் இறங்க விடவில்லை, அவள் வரம்பில் இருந்து பேணி எண்ணினாள். அடுத்த முறை ஓட நினைப்பவர்களுக்கு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், சேற்றில் இறங்கியதை வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள்.

சப்பாத்துக் கதை கொஞ்சம் கசப்பானது. ஒரு கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கியவை மூன்றாம் கிழமையே அடி கழன்று வாயைப் பிளந்தன. கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சப்பாத்துத் தைக்கும் ஐயாதான் காப்பாற்றினார். ஐந்து சோடியையும் சுற்றிவரத் தைத்து, தண்ணீர் வடிய இரண்டு பக்கமும் கண் போட்டுத் தந்தார். அடியில் ஆழமான பல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள் பிள்ளை, மினுக்கத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்லியும் விட்டார். உடுப்புத் தைத்த அக்காவுக்கும் கடன்பட்டிருக்கிறோம். பருத்தி ரீசேட் நனைந்தால் சாக்குப் போல் தொங்கும், உடம்போடும் ஒட்டும். பெண்களுக்கு அது எவ்வளவு சங்கடம் என்று விளக்காமலே அவவுக்குப் புரிந்தது. கடும் நீலத்தில், நனைந்தாலும் உள்ளே தெரியாத, சீக்கிரம் காயும் துணி தேடி, முழங்காலை மூடும்படி தைத்துத் தந்தா. கையுறை வாங்கியது மட்டும் வீண் செலவு. சேறு பட்டால் அது வெறுங்கையைவிட வழுக்கும்.

மலை என்று ஒன்று இல்லாத ஊரில் ஏற்றம் பழக எங்கே போவது? மணற்காட்டுக்குத்தான். பாதி மண் மூடிய பழைய தேவாலயத்தைத் தாண்டி மணல்மேடுகளில் ஏறி இறங்கினோம். அங்கே நான் கால் பிரட்டிக்கொண்டேன். வான் ஓட்டும் தம்பி என்னைத் தூக்காத குறையாக முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோனார். நோவெண்ணெய் மணத்தோடு பத்து நாள் வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் மூக்கைப் பொத்தவில்லை, அதற்கும் நன்றி.

குருநகரில் பழைய வலை தந்தவர்கள், குழாயின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு தொங்கு கம்பி செய்து தந்த வெல்டிங் தம்பி, இரவு பஸ்ஸில் எங்கள் சேற்று மூட்டைகளைச் சகித்த நடத்துனர், எல்லோருக்கும் நன்றி. காலையில் ஓடும்போது "எங்க பிள்ளையள் அவசரமா?" என்று கேட்ட பெரியவர்களுக்கும்தான். முதலில் கோபம் வந்தது. பிறகு அவர்களே நாயைக் கலைத்துவிட்டார்கள்.

போட்டியில் கயிற்றின் உச்சியில் ஒரு மணி கட்டியிருந்தது. ஐந்து பேரும் அடித்தோம். பக்கத்துக் கயிற்றில் தொங்கிய தடித்த இளைஞன் ஒருவன் இறங்கி வந்து, யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டான். பனையேறும் அண்ணையைப் பற்றி அரைகுறைச் சிங்களத்தில் பெறாமகள் சொன்னாள். அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. தொங்கு கம்பியில் நான் பாதியில் விழுந்தேன். தண்டனைக்குக் குந்தி, படுத்து, எழும்பிக் குதிப்பதை இருபது தரம் செய்தேன். வெல்டிங் தம்பி, குறை உங்கள் கம்பியில் இல்லை.

சரி, திருப்பித் தர வேண்டியவை. துலாக்கயிறு கழுவிக் காய்ந்துவிட்டது, வரும் ஞாயிறு காலை கோப்பாய்க்குக் கொண்டுவருகிறோம். தகரப்பேணிகளில் ஒன்று நெளிந்துவிட்டது, அதற்குப் பதிலாகப் புதிதாக ஒரு பால்மாப் பேணி வைத்திருக்கிறேன். வலை மட்டும் இன்னும் இரண்டு கிழமை இருக்கட்டும். பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் அதிலிருந்து இறங்க மாட்டோம் என்கிறார்கள்.

அன்புடன்,
நகக்கண்ணில் சேறு இன்னும் போகாத ஐந்து பேர்