டகோட்டாவின் எண்ணெய்

குலசேகரம்

அன்புள்ள லீலா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. மழையில் பால்வெட்டு நிற்கலாம், எழுதுவதற்கு என்ன கேடு என்று கேட்பாய். பத்து நாளாக ரப்பர் மரத்துச் சிரட்டைகளில் பாலுக்குப் பதில் தண்ணீர்தான். காலையில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துவிட்டு வருவதற்குள் முட்டி கழன்றுவிடுகிறது.

தம்பி வீட்டில் ஒரே சச்சரவு. அவன் மகளுக்கு ஆப்பிரிக்காவில் வேலை. கிராமக் குடிநீர்த் திட்டம். "கட்டிக்கொடுத்த பிறகு எங்கே வேண்டுமானாலும் போகட்டும்" என்கிறான் அவன். பம்பு வைக்க இவ்வளவு படிப்பா என்று கேட்டேன். "பம்பு வைப்பது ஒரு நாள் வேலை அத்தை. பழுதானால் யார் பணம் போடுவது என்று ஊராரோடு உட்கார்ந்து பேசுவதுதான் வேலையே" என்றாள். மோட்டார் எரிந்து ஒரு மாதம் குடம் தூக்கியவளுக்கு இது புரியாதா?

மார்கரெட் ஆன்ஸ்டி என்ற ஆங்கிலேயப் பெண்மணியைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். கேம்பிரிட்ஜில் படித்து, 1948இல் பிரிட்டன் வெளியுறவுத் துறையில் சேர்ந்தவர். 1952இல் உடன் வேலை பார்த்தவரை மணந்ததும் ராஜினாமா. பெண்ணுக்கு அன்று விதி அப்படி. கணவரோடு மணிலா போனார். கல்யாணம் நிலைக்கவில்லை. அங்கே ஐ.நா. அலுவலகத்தில் உள்ளூர் ஊழியராக அடிமட்டத்திலிருந்து தொடங்கி, நாடு நாடாக வளர்ச்சித் திட்டங்களை நடத்தி, 1987இல் ஐ.நா.வின் துணைப் பொதுச்செயலாளர்களில் ஒருவர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் சில பெண்களில் அவரும் உண்டு.

1992இல் அங்கோலாவுக்கு அனுப்பினார்கள். தமிழ்நாட்டைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் பெரிய நாடு. உள்நாட்டுப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தேர்தலைக் கண்காணிக்க 400 பேர்! அதற்கான பாதுகாப்பு சபைத் தீர்மானத்தின் எண் 747, ஜம்போ விமானத்தின் எண்ணும் அதுதான். ஜம்போவைக் கொடுத்துவிட்டு, டகோட்டா என்ற பழைய சின்ன விமானத்துக்கு ஊற்றும் எண்ணெயில் ஓட்டச் சொல்கிறார்கள் என்றாராம் அம்மையார். தேர்தல் நடந்தது, தோற்ற தரப்பு ஏற்கவில்லை, மறுபடி போர். குடும்பச் செலவுக்குப் பணம் வாங்கிய எந்தப் பெண்ணுக்கும் அந்த எண்ணெய்க் கணக்கு தெரியும்.

நம் நாட்டிலும் இதே கதைதான். இந்திய வெளியுறவுப் பணியில் 1949இல் சேர்ந்த முதல் பெண் முத்தம்மா, குடகுக்காரர், சென்னையில் படித்தவர். தனக்குப் பதவி உயர்வு மறுத்ததையும், பெண் அதிகாரி கல்யாணத்துக்கு அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அதற்குள் பதவி உயர்வு கிடைத்துவிட்டதால் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. ஆனால் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதியை விளாசிவிட்டார். வருடம் 1979.

1978இல் நான் ராஜினாமா எழுதினேன் லீலா. எனக்கு எந்த விதியும் இல்லை. மாமியார் கேட்டார், எழுதினேன். தாள் வாங்கி வந்தது நீ. கோடு போட்ட தாள்தான் கிடைத்தது என்று வருத்தப்பட்டாய்.

ரப்பர் ஷீட் விற்ற பணத்தில் தம்பி மகளுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். தம்பி என்னோடு பேசுவதில்லை. சனிக்கிழமை இரவு திருவனந்தபுரத்திலிருந்து விமானம். வழியனுப்ப அவன் வருவானோ மாட்டானோ, நீ வந்துவிடு. உனக்கு ஒரு சீப்பு மட்டிப் பழம் கொண்டு வருகிறேன்.

உன்
தங்கம்