எடை மெஷினை நம்பி நடக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 112. நூறுக்குள் இருக்க வேண்டியது. 126-ஐத் தொட்டு, மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால் சர்க்கரை நோய் என்றே எழுதிவிடுவார்கள். நீ நடுவில் நிற்கிறாய். இரண்டு மாதம் நடந்தும் ஒரு கிலோதான் குறைந்தது, மாடி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது, நடையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். விடாதே. சர்க்கரை ஏறுவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் காரணம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, தசையில்.

இன்சுலின் ரத்தத்திலிருந்து இறக்கும் சர்க்கரையில் மிகப் பெரிய பங்கைத் தசைதான் வாங்கிக்கொள்கிறது. உடனே செலவாகாததைக் கிளைகோஜனாக அடுக்கி வைக்கும். தசை முழுவதிலும் சேர்த்து 300 முதல் 500 கிராம் வரை இருக்கும். கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம்தான். தசைச் செல்லுக்குள் குளூட்-4 என்று ஒரு புரதம், குட்டிக் குட்டிப் பைகளில் காத்துக் கிடக்கும். இன்சுலின் செய்தி வந்தால் அது செல்லின் மேல்சவ்வுக்கு ஏறி வரும். அது வந்தால்தான் சர்க்கரைக்கு வாசல் திறக்கும். உடம்பில் கொழுப்பு மிஞ்சும்போது அது தோலுக்கடியில் மட்டும் நிற்பதில்லை, தசைக்குள்ளும் கசிகிறது. டைஅசைல்கிளிசரால், செராமைடு போன்ற அதன் துணைப் பொருள்கள் இன்சுலினின் செய்தியைப் பாதி வழியில் மறித்துவிடும். இன்சுலின் இருக்கும், வாசல் திறக்காது.

ஆனால் அந்த வாசலுக்கு இன்னொரு சாவி உண்டு. தசை சுருங்கும்போது உள்ளே கால்சியம் கூடுகிறது, ஆற்றல் இருப்பு குறைகிறது. இவை இரண்டும் இன்சுலினைக் கேட்காமலே குளூட்-4-ஐ மேலே ஏற்றிவிடும். இன்சுலின் எடுபடாத உடம்பிலும் நடை வேலை செய்வது இதனால்தான். நடந்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாள் தசை இன்சுலினுக்குக் கொஞ்சம் நன்றாகவே காது கொடுக்கும். பிறகு மங்கிவிடும். அதனால் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதே. வாரம் முழுக்க உட்கார்ந்துவிட்டு ஞாயிறன்று இரண்டு மணி நேரம் நடப்பது சர்க்கரைக்கு அவ்வளவாக உதவாது.

வேலை செய்த தசைக்கு மட்டும்தான் இந்தப் பலன் என்பதற்கு ஒரு அழகான சோதனை இருக்கிறது. 1966-ல் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரண்டு ஸ்வீடன் மருத்துவர்கள் ஆளுக்கு ஒரு காலால் மட்டும் சைக்கிள் மிதித்து, அந்தக் காலின் கிளைகோஜனைத் தீர்த்தார்கள். பிறகு சில நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு சாப்பிட்டு, ஊசியால் இரண்டு தொடையிலிருந்தும் துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் சும்மா இருந்த காலைப் போல இரண்டு மடங்கு சேமிப்பு! ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு.

இனி மூச்சு. தசையில் தயாராக இருக்கும் ஆற்றல் சில நொடிக்குத்தான் வரும். தசையில் இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற கையிருப்பைச் சேர்த்தால் பத்து நொடி அளவு. அதற்குப் பிறகு நீடித்து உழைக்க, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா வேண்டும். கொழுப்பை எரிப்பதும் அங்கேதான். அது குறைவாக இருந்தால் இரண்டாம் மாடியிலேயே உடம்பு அவசர வழிக்குத் தாவி, சர்க்கரையை வேகமாக உடைத்து லாக்டேட்டைக் குவிக்கும். ரத்தத்தில் அமிலம் கூடும், மூச்சு இரைக்கும். 1967-ல் ஹொலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தபோது தசை மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் ஏறக்குறைய இரட்டித்திருந்தன. மனிதருக்கும் சில வாரத்தில் கூடும், நிறுத்தினால் இறங்கிவிடும். (மறுநாள் தொடை வலிப்பதற்கு லாக்டேட் காரணமில்லை. அது ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். வலி, தசை நாரின் நுண்ணிய சிதைவால். அதனால்தான் ஏறியதைவிடப் படி இறங்கியது அதிகம் வலிக்கும்.)

இப்போது செய்ய வேண்டியது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகத்தில் 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். அது சுலபமானதும் நடுவில் ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நிதானம், இப்படி ஆறு தடவை. சாப்பிட்டதும் 10 நிமிடம் நடப்பது தனிக் கணக்கு, அதை விடாதே.

வாரம் இரண்டு நாள் தசைக்குச் சுமை வேண்டும். அசையாத நாற்காலியின் முன்விளிம்பில் உட்கார். பாதம் தோள் அகலத்துக்கு இருக்கட்டும், கையை மார்பில் கட்டிக்கொள். மூச்சை விட்டபடி எழு, மூன்று எண்ணி மெதுவாக இறங்கு. 10 தடவை, மூன்று சுற்று, நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. முட்டி உள்பக்கம் சாய்ந்தால் சுமை அதிகம் என்று அர்த்தம். தொப்பென்று உட்கார்ந்தால் பாதிப் பலன் போச்சு. மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். 12 தடவை சுலபமாக வந்தால் புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்.

தசை சும்மா இருந்தாலே கலோரியை எரித்துத் தள்ளும் என்று ஜிம்மில் சொன்னால் நம்பாதே. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்குச் சுமார் 13 கலோரிதான் செலவழிக்கும். நமக்கு வேண்டியது சர்க்கரையைப் போட்டுவைக்க இடம். பட்டினி கிடந்து எடை குறைத்தால் குறைவதில் கால் பங்கு அளவுக்குத் தசையும் கொழுப்பு அல்லாத மற்றதும் போய்விடும், இருக்கிற இடமும் சுருங்கும். அதனால் உன் 84 கிலோவுக்கு நாளுக்கு 100 கிராம் புரதமாவது வேண்டும். மூன்று வேளைக்குப் பிரித்துச் சாப்பிடு. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கூடியிருந்தால் முதலில் டாக்டரைக் கேள்.

அமெரிக்காவில் 2002-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், உன் நிலையில் இருந்தவர்கள் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் 7 சதவீத எடைக் குறைப்பையும் இலக்காக வைத்தபோது சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரைக்குக் கிடைத்தது 31. உனக்கு 7 சதவீதம் என்பது ஆறு கிலோ. அவசரமில்லை.

நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ. அளவுக்கு மீறிச் செய்த மறுநாள் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் ஆஸ்பத்திரிக்குத்தான், தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று உட்காராதே.

முன்னேற்றத்தை எடை மெஷினில் மட்டும் தேடாதே. காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்துவை. மாதம் ஒரு முறை, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் டேப்பைச் சுற்றி அள. சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை மூன்று மாதம் ஆகும் முன் எடுக்காதே. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள், சீக்கிரம் எடுத்தால் பழைய கணக்கு அதிகம் கலந்து வரும். வந்ததும் எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா