கதவுக்கு உட்பக்கம் ஒட்டச் சொன்னவருக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

பெண்களுக்கு எதிரான வன்முறையை எதிர்த்து நவம்பர் 25 அன்று தொடங்கிய பதினாறு நாள் பிரசாரம் டிசம்பர் 10, மனித உரிமை நாளோடு முடிந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மேடையில் பேசியவர்களுக்கு அன்றைக்கே கைதட்டல் கிடைத்துவிட்டதால் ஒரே வரி: நன்றாகப் பேசினீர்கள், இரண்டு பேர் கொஞ்சம் அதிகமாகவே பேசினீர்கள். மற்றதெல்லாம் மேடைக்கு வராதவர்களுக்கு.

முதல் நன்றி, கூட்டம் நடந்த கட்டடத்தைச் சுத்தம் செய்யும் அக்காவுக்கு. உதவி எண் போட்ட சுவரொட்டியை வாசலிலும் படிக்கட்டிலும் பளிச்சென்று ஒட்டியிருந்தோம். அடியில் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி பத்துத் துண்டுகள். மூன்று நாளாகியும் ஒன்றுகூடக் கிழியவில்லை. "நாலு பேர் பார்க்கிற இடத்தில் எவள் கிழிப்பாள்? பெண்கள் கழிவறையில், கதவுக்கு உட்பக்கம் ஒட்டுங்கள். தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் கை போகும்" என்றார். ஒட்டினோம். மறுநாள் இரண்டு துண்டைக் காணோம். அதற்கு அடுத்த நாள் ஐந்து. அதில் ஒன்று கோணலாகக் கிழிந்து, எண்ணின் கடைசி இலக்கம் தாளிலேயே தங்கிவிட்டிருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "அவசரத்தில் இழுத்திருக்கிறாள் பாவம்" என்று கத்தரிக்கோல் கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டின் இடைவெளியையும் ஆழமாக வெட்டித் தந்தது அவர்தான்.

உலகில் ஏறத்தாழ மூன்று பெண்களில் ஒருவர் வாழ்நாளில் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ சந்திக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீடு. இந்தக் கணக்கை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன்! அந்த மூன்றில் ஒருவர் என் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துச் சுவரொட்டி ஒட்ட எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, பெயர் வேண்டாம் என்று சொன்ன ஒருவருக்கு. கைப்பிரதியின் முதல் மாதிரியில், மூலையில் முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் படம் இருந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் மூலையில் உட்காரவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போனேன்" என்றார். படம் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப அச்சடித்துக் கொடுத்த அச்சகத் தம்பிக்கும் நன்றி.

தொலைபேசியில் உட்கார்ந்த தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தந்த ஆலோசகருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 'ஏன் இன்னும் அந்த வீட்டிலேயே இருக்கிறீர்கள்?' என்ற கேள்வியை முதல் நாளே தடை செய்துவிட்டார். பிரிந்து போக முடிவெடுக்கும் நேரமும், போன பிறகு வரும் சில நாட்களும்தான் பல பெண்களுக்கு மிகவும் ஆபத்தானவை. வெளியே வா என்று சொல்வது சுலபம். போக இடம், கையில் பணம், பிள்ளைகளின் சான்றிதழ், விஷயம் தெரிந்த ஒரு ஆள் என்று எல்லாம் தயாரான பிறகுதான் அந்தப் பேச்சு. எனவே முதல் கேள்வி, 'இப்போது பேச முடியுமா? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?' அவ்வளவுதான். யாராவது இருந்தால் 'தவறான எண்' என்று சொல்லி வைத்துவிட வேண்டும். குறுக்கே பேசாமல் காது கொடுத்துக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

கையெழுத்து வாங்க வெயிலில் நின்ற பிள்ளைகளே, 'இதனால் என்ன ஆகிவிடும்' என்று தினமும் நாலு பேராவது கேட்டிருப்பார்கள். 1991இல் இந்தப் பதினாறு நாள் பிரசாரம் தொடங்கியபோதும் ஒரு மனுவோடுதான் ஆரம்பித்தார்கள். அது 124 நாடுகளைச் சுற்றி, ஏறத்தாழ ஐந்து லட்சம் கையெழுத்தோடு 1993இல் வியன்னாவில் நடந்த ஐ.நா. மனித உரிமை மாநாட்டுக்குப் போனது. பெண்களின் உரிமையும் மனித உரிமையே என்று அந்த மாநாடு ஒப்புக்கொண்டது. அதே டிசம்பரில் பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது. அடுத்த தடவை கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

நவம்பர் 25 ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சலிக்காமல் கதை சொன்ன கல்லூரி மாணவிக்கும் நன்றி. சர்வாதிகாரி துருஹியோவை எதிர்த்ததற்காக 1960இல் அதே நாளில் டொமினிக்கன் குடியரசில் கொல்லப்பட்ட மிராபல் சகோதரிகள் மூவரையும் பெயர் சொல்லியே சொன்னார்: பாத்ரியா, மினெர்வா, மரியா தெரேசா.

கூட்டம் நடக்கையில் பக்கத்து அறையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட மூவரும் ஆண்கள். பெண்கள் மீதான வன்முறையை எதிர்க்கும் ஆண்களின் அடையாளமான வெள்ளை ரிப்பனைச் சட்டையில் குத்திப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பியவர்களைவிட, ரிப்பன் இல்லாமல் டயப்பர் மாற்றிய உங்களைத்தான் எனக்கு நினைவிருக்கிறது.

அப்புறம், இரவு பதினோரு மணிக்குக் கூப்பிட்டுத் திட்டியவருக்கு. கேட்காமலே கூட்டத்தின் படத்தைப் பகிர்ந்தது என் தப்பு. இரண்டாவது வரிசையில் இருந்த பெண் அன்று எங்கே போனார் என்பது அவர் வீட்டுக்குத் தெரியக்கூடாது. படத்தை உடனே எடுத்துவிட்டேன். நீங்கள் கூப்பிட்டிருக்காவிட்டால் காலை வரை அப்படியே இருந்திருக்கும்.

கடைசி நாள் சுவரொட்டிகளைப் பிரித்துக்கொண்டு வந்தோம். கழிவறைப் பக்கம் போனபோது அக்கா குறுக்கே நின்று, "அதில் கை வைக்காதீர்கள், இன்னும் நாலு இருக்கிறது. தீர்ந்ததும் சொல்கிறேன்" என்றார். நேற்றுக் கூப்பிட்டார். புதிதாக இருபது தாள் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
பிரசாரக் குழுவில் ஒருத்தி